லைசென்ஸ் இல்லாத உப்பு

மகனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று வண்டிக்காரன் சொன்னான். உனக்குப் பாளையங்கோட்டைக்கு மாற்றல் ஆகிவிட்டதாம், வேலை உயர்வாம். வெடியுப்பு, கந்தகம், வெடிமருந்து சம்பந்தப்பட்ட மனுக்கள் அத்தனையும் இனி உன் கையைத் தாண்டித்தான் கலெக்டர் துரையிடம் போகுமாம். நீ வேலை பார்க்கிற ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நம் ராஜபாளையத்துக்கும் ஏழு மைல். அந்த ஏழு மைல் வந்து உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு நேரம் இல்லை. வத்தல் மூட்டை ஏற்றிப் போகிறவன் வாயால் அவள் தெரிந்துகொண்டாள். அவள் சந்தோஷப்பட்டாள். நான் படவில்லை. நீ எந்த மேசையில் போய் உட்காரப் போகிறாயோ அந்த மேசைக்கு உன்னை ஏற்றிவிட்டது எது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். மூன்றாவதாகத் தெரிந்திருக்க வேண்டிய ஒருவனுக்குக் கண் இல்லை.

இதை உறையில் போட்டு ஒட்டவில்லை. மடித்துத்தான் தருகிறேன். கொண்டுவருகிறவன் படிக்கட்டும், உன் வீட்டுக்கு வருகிறவர்கள் படிக்கட்டும். உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்தது போதும் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். புத்திமதியும் இதில் இருக்கிறது. ஆனால் வேலைக்குப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் தலையைத் தடவிச் சொல்கிற புத்திமதி என்று நினைத்துப் படிக்காதே.

உன்னை மருந்துக் கொட்டகைக்குள் விடாமல் வளர்த்தவன் நான். வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்து இடிக்கிற இடத்துக்கு என் பிள்ளை வரக் கூடாது என்று நினைத்தேன். கிணறு வெட்டுகிறவர்களுக்குப் பாறை பிளக்க மருந்தும், ஆடிப்பூரத் தேருக்கு வாணமும் செய்து கொடுத்து வந்த சோற்றில்தான் நீ படித்தாய். அதில் என் கள்ளத்தனமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கார் கச்சேரியில் நம் வீட்டு ஆள் ஒருவன் இருந்தால் நாளைக்கு உதவும் என்று கணக்குப் போட்டேன். உனக்கு வேலை கிடைத்த அன்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தது உன் மேல் இருந்த பாசத்தால் மட்டும் என்று நினைத்துவிடாதே. இது என் முதல் தப்பு. பிள்ளையைப் பிள்ளையாகப் பார்க்காமல் ஒரு காரியத்துக்கு ஆளாகப் பார்த்தேன். நீயும் பதிலுக்கு அப்பனை அப்பனாகப் பார்க்கவில்லை.

புதுச் சட்டம் வந்த வருஷம் பொங்கலுக்கு நீ வந்திருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்த இங்கிலீஷ் காகிதத்தை எனக்கும் மாடசாமிக்கும் தமிழில் படித்துச் சொன்னாய். மாடசாமி அப்போது என்னிடம் கூலிக்கு வரவில்லை. கான்சாபுரம் பக்கம் உவர்மண்ணைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி, வெடியுப்பு எடுத்து எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனும் அவன் பெண்டாட்டி சுடலியும் இரண்டு அடுப்பு வைத்திருந்தார்கள். அவன் உப்பு சுத்தமாக இருக்கும், ஊசி ஊசியாக நிற்கும். அவன் உப்பில் இடித்த மருந்து ஒரு தரம்கூட எனக்குப் புகைந்து ஏமாற்றியதில்லை. நீ படித்தாய்: உவர்மண்ணைக் காய்ச்சினால் வெடியுப்போடு சாப்பாட்டு உப்பும் ஒதுங்குகிறது, சாப்பாட்டு உப்பு சர்க்காருக்குச் சொந்தம், ஆகையால் லைசென்ஸ் இல்லாமல் யாரும் அடுப்பு மூட்டக் கூடாது என்று. மாடசாமி கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"மண்ணு யாருக்குச் சாமி?"

"மண்ணப் பத்திப் பேச்சு இல்ல. அதுல வர்ற உப்பு சர்க்காருக்கு."

"வெயில் அடிச்சா தரையில தானா பூக்குதே, அதுக்கு யார் மேல கேசு போடுவாங்க? வெயில் மேலயா?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "சட்டத்த வெளையாட்டாப் பேசாதே" என்றாய். அவனுக்கு உன்னைவிட இருபது வயது கூட. அன்றைக்கே உன்னை அதட்டியிருக்க வேண்டும். கச்சேரிப் பிள்ளை பேசுகிறான் என்று பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாசி பிறப்பதற்குள் சர்க்கார் சேவகர்கள் வந்து அவன் பானைகளை உடைத்தார்கள். சுடலி ஒருத்தன் கையைப் பிடித்து இழுத்தாள் என்று அவளைப் பகல் முழுக்கச் சாவடியில் உட்கார வைத்தார்கள். லைசென்ஸ் வாங்கு என்றால் அவன் எங்கே போவான்? பக்காக் கட்டடம் வேண்டும், மேற்பார்வைக்கு வருகிற ஆளுக்குத் தங்க இடம் வேண்டும், எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். காய்ச்சுகிறவன் ஒருவனிடமும் இது மூன்றும் கிடையாது. மலையடிவாரத்தில், பிளவக்கல் வரைக்கும், எனக்கு உப்புக் கொடுத்துக்கொண்டிருந்த அத்தனை அடுப்பும் ஒரே மாதத்தில் அணைந்தது. மாடசாமி என்னிடம் வந்து, "காய்ச்ச விடமாட்டேங்காங்க. இடிக்கவாவது வாரேன் மொதலாளி" என்றான். சேர்த்துக்கொண்டேன். ஆள் வந்தான், இடிக்க உப்பு இல்லை.

மதுரையில் லைசென்ஸ் உள்ள வியாபாரியிடம் வடக்கத்தி வெடியுப்பு இருந்தது. வாங்க எனக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். மாசி மாதம் மனு எழுதி, நானே கொண்டுவந்து கொடுத்தேன். நீ என்னை மற்றவர்களோடு தாழ்வாரத்தில் நிற்க வைத்தாய். அதில் எனக்குக் குறை இல்லை, நிற்கத் தெரியும். என் முறை வந்தபோது நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "வெச்சிட்டுப் போங்க" என்றாய். வைத்துவிட்டு வந்தேன். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. என்னோடு அன்று மனுக் கொடுத்த மூன்று பேருக்கும் ஆறு வாரத்தில் சீட்டு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. உன் அம்மா உனக்குச் சோறு கட்டிக் கொடுத்தனுப்பும்போதெல்லாம் வண்டிக்காரனிடம் கேட்டுவிடச் சொன்னேன். "மேலே போயிருக்கு" என்று பதில் வரும். மேலே என்றால் துரையிடம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வ. புதுப்பட்டி நாயக்கர் கிணறு அந்தச் சமயத்தில்தான் பாறையில் போய் முட்டியது. ஐந்து ஆள் ஆழத்துக்கு மண் எடுத்த பிறகு கறுப்புப் பாறை. தோட்டம் காய்ந்துகொண்டிருந்தது, மாடுகளை ஓட்டிக்கொண்டு அரை மைல் போய்த் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். நாயக்கர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், தண்ணீரை நீள்ளு என்பார். வந்து நின்றால் உட்காரமாட்டார். "இந்தப் பாறைக்கு அடியிலே நீள்ளு இருக்கய்யா. நீங்க மருந்து குடுக்கலேன்னா நான் மாட்டை வித்துட்டு ஊரை விட்டுப் போறேன்" என்பார். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். வாக்குக் கொடுத்தது தப்பில்லை. அதைக் காப்பாற்ற நான் பிடித்த வழிதான் தப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துச் சரக்குக் கடை வைத்திருக்கிற காதர் ராவுத்தரிடம் போனேன். கந்தகம் என்னிடம் பழைய இருப்பு கொஞ்சம் இருந்தது. உப்புக்குப் பதிலாக ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசித்து, ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினார். வெள்ளையாக, மீன் செதில் போலத் தகடு தகடாக மின்னியது. பொட்டாசு என்றார். தூத்துக்குடியில் கப்பலில் வந்து இறங்குகிறது, தொண்டைப் புண்ணுக்குக் கரைத்துக் கொப்பளிக்க டாக்டர்கள் கொடுக்கிறார்கள்.

"இதுக்கு லைசென்ஸ்?"

"கிடையாது. தொண்டை மருந்துதானே. எம்புட்டு வேணாலும் வாங்கலாம். ஆனா கந்தகத்தோட சேத்து இடிச்சுராதீங்க. தூத்துக்குடியில ஒருத்தர் அப்படி உரல்ல போட்டு இடிச்சாரு. பொறவு உரலும் இல்ல, அவரும் இல்ல. தீ வேண்டாம், தட்டினாலே போதும் அதுக்கு."

"நான் பக்குவமாக் கலந்துக்கிடுதேன்."

"வாங்காதீங்கன்னு சொல்லுதேன். வியாபாரி வாயால வர்ற வார்த்தையா இது? நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்க்கவில்லை. வாங்கி வந்தேன். இதைப் படிக்கிற எவனும் நான் தெரியாமல் செய்தேன் என்று சொல்லக் கூடாது. தெரிந்து செய்தேன். உரலில் இடிக்காமல், தனித்தனியாகப் பொடித்து, ஈரத்தோடு கையால் கலந்து, நிழலில் உலர்த்தினேன். மாடசாமி டப்பாவைப் பார்த்துவிட்டான். கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் குலுக்கினான்.

"இது நம்ம உப்பு இல்லையே மொதலாளி. நம்மது ஊசியால்லா இருக்கும்?"

"சீமை உப்பு. வேலையப் பாரு."

அவ்வளவுதான் நான் அவனுக்குச் சொன்னது. ராவுத்தர் எனக்குச் சொன்னதில் ஒரு வார்த்தை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தொடமாட்டான் என்று பயம். உனக்கு நான் தருகிற புத்திமதிகளில் இதை நன்றாகக் கேட்டுக்கொள். ஒரு மனிதன் கையில் ஒரு சரக்கைக் கொடுத்தால் அது என்ன என்று அவனுக்குச் சொல். சொன்ன பிறகு அவன் தொடாவிட்டால் அது அவன் உரிமை. நான் அதை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

ஆனி மாதம், காலை வெயில் ஏறுகிற நேரம். மாடசாமி கிணற்றுக்குள் இறங்கிப் பாறையில் அடித்த குழியில் மருந்தைக் கொட்டி, திரி வைத்து, மரக்கட்டையால் மெதுவாக இடித்துக் கெட்டிப்படுத்தினான். மரக்கட்டை. நான் மேலே நின்று கண்ணால் பார்த்தேன். வாழ்நாளில் ஒரு தரம்கூட அவன் இரும்பைக் குழியில் விட்டதில்லை. மூன்றாவது இடியோ நான்காவதோ, அது வெடித்துவிட்டது. திரி கொளுத்தவே இல்லை. புகை அடங்க நாங்கள் காத்திருந்த அந்தச் சிறிது நேரம் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு "ஏலே, யாராச்சும் வாங்கலே" என்று ரொம்பச் சாதாரணமாகக் கூப்பிட்டான், தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறவன் மாதிரி. நாயக்கர்தான் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் மேலேயே நின்றேன். வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. கண் இரண்டும் போயின. சுடலி கஞ்சிக் கலயத்தோடு அப்போதுதான் வந்துகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் நீ வந்தாய். ஆறு மாதமாக வராதவன், குதிரை வண்டி பிடித்து வந்தாய். விசாரணை அறிக்கைக்கு வேண்டிய விவரம் எடுத்து எழுத உன்னைத்தான் அனுப்பியிருந்தார்கள். இன்னார் மகன் என்று அவர்களுக்குத் தெரியாதா, அல்லது தெரிந்தே அனுப்பினார்களா, இன்றுவரை நான் கேட்கவில்லை. கொட்டகையில் அந்தத் தகர டப்பாவை எடுத்துப் பார்த்தாய். என்னைத் திட்டினாய். திட்டியது நியாயம். பிறகு நான் கேட்டேன், சீட்டு வந்திருந்தால் இதை ஏன் தொடப்போகிறேன், என் மனு எங்கே என்று. நீ டப்பாவைக் கீழே வைத்தாய்.

"என் மேசையிலதான் இருக்கு."

"எப்ப இருந்து?"

"குடுத்த நாள்ல இருந்து. மேல அனுப்பல."

"ஏன்லே?"

"அப்பனுக்கு முந்திச் செஞ்சான்னு யாரும் சொல்லிறக் கூடாதுன்னு வச்சிருந்தேன். எல்லாருக்கும் முடிஞ்ச பொறவு அனுப்பலாம்னு இருந்தேன்."

உன் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டாள். நீ போன பிறகு, "பயந்த பிள்ளை. பயத்த நேர்மைன்னு நெனச்சுக்கிட்டான்" என்றாள். நான் உனக்குச் சொல்ல வந்த இரண்டாவது புத்திமதி அதுதான், அவளே சொல்லிவிட்டாள். நீ லஞ்சம் வாங்காதவன். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு காகிதத்தை ஐந்து மாதம் கிடத்தினாய். அந்த ஐந்து மாதத்துக்கு மறு முனையில் ஒரு கிணறு இருந்தது, கிணற்றுக்குள் ஒருவன் இருந்தான்.

நீ போகும் முன் நாம் இரண்டு பேரும் செய்ததை நினைத்தால் எனக்கு உன் மேல் வருகிற ஆத்திரம் என் மேலும் வருகிறது. நீ மேசைக்கு முன் உட்கார்ந்து மைக்கூட்டைத் திறந்தாய். "பொட்டாசுன்னு எழுதினா உங்களுக்கு ஜெயிலு. ஏன் வாங்கினீங்கன்னு கேப்பாங்க, மனு வெளிய வரும், எனக்கு வேலை போகும். தொழிலாளி இரும்புக் கம்பியால இடிச்சதுல நெருப்புப் பொறி பட்டு வெடிச்சதுன்னு எழுதிருவோம். யாருக்கும் கேடு இல்ல" என்றாய். யாருக்கும் கேடு இல்லை என்று சொன்ன அந்த நேரம் மாடசாமி மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் கிடந்தான். நீ எழுதினாய். நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவை நான் தட்டிவிட்டிருக்கலாம். போட்டேன்.

பத்தாம் நாள் என் அனுமதிச் சீட்டு வந்தது. எந்த முகத்தோடு அனுப்பினாய்? அதைக் கொண்டு வாங்கிய நல்ல உப்பில்தான் நாயக்கர் கிணற்றுக்குத் தண்ணீர் வந்தது. அவர் எனக்கு வேட்டி கொண்டுவந்தார், நான் தொடவில்லை. மாடசாமி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ஊரே பழி சொல்லத் தயாராக இருந்தது. இரும்பை வைத்து இடித்த மடையன், தானும் கெட்டு முதலாளியையும் கச்சேரிக்கு இழுத்தவன். சுடலி தண்ணீருக்குப் போனால் பெண்கள் அவளிடமே கேட்டார்கள், "ஏட்டி, ஒம்புருசனுக்கு இரும்பு எது, கட்டை எதுன்னு தெரியாதா?" என்று. பரம்பரையாக உப்புக் காய்ச்சினவனை, மருந்தை என்னைவிட அறிந்தவனை, ஒரு வரியில் முட்டாளாக்கினாய். நான் அதற்குச் சாட்சி.

அந்த அறிக்கை அதோடு நின்றதா? நன்றாக எழுதப்பட்ட அறிக்கை என்று உன்னை மெச்சினார்களாம். அதையே காட்டி, தொழிலாளிகள் கவனம் கெட்டவர்கள், ஆகையால் சிறிய உற்பத்திக்காரர்களுக்கு வெடியுப்பு அனுமதியைக் குறைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ராவுத்தர் கடையில் அதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நல்ல உப்பு இன்னும் சுருங்கிற்று. பொட்டாசுக்கு மட்டும் இன்றைக்கும் ஒரு தடையும் இல்லை, ஏனென்றால் அது இந்த ஜில்லாவில் யாரையும் கொன்றதாகக் காகிதத்தில் இல்லை. கிணறு வெட்டுகிறவனும் வாணம் செய்கிறவனும் இப்போது அதைத்தான் தேடிப் போகிறார்கள். ராவுத்தர் விற்பதை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் விற்கிறார்கள். கார்த்திகைக்குச் சேத்தூர்ப் பக்கம் ஒரு வாணக்காரர் பொட்டாசையும் கந்தகத்தையும் உரலில் இடித்துச் செத்துப்போனார், அதையும் கவனக்குறைவு என்றுதான் எழுதினார்களாம். நான் அவர் வீட்டுக்குப் போனேன். யார் என்று கேட்டார்கள். சொல்லத் தைரியம் இல்லாமல் திரும்பி வந்தேன். நீ உண்மையை எழுதியிருந்தால், நான் எழுதவைத்திருந்தால், அந்த மனிதர் இந்தப் பொங்கலுக்கு வீட்டில் இருந்திருப்பார். சட்டத்தை வைதுகொண்டு திரிந்தவன் நான். அந்த வீட்டு வாசலில் நின்றபோது சட்டத்தை வைய எனக்கு வாய் வரவில்லை. எந்தச் சரக்கு கொல்கிறது என்று சட்டத்துக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம் இரண்டு பேர். பொய்யைச் சொல்லிவிட்டு வந்தோம்.

உன் மாற்றல் செய்தி வந்த மறுநாள் கான்சாபுரம் போனேன். மாடசாமி வாசலில் இடது கையால் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். டப்பாவிலிருந்து அறிக்கை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். கயிறு திரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான். பிறகு, "செதில் மாதிரி இருந்துச்சே, அப்பமே சந்தேகந்தான். நீங்க சொன்னீங்களேன்னு எறங்குனேன்" என்றான். சுடலி அப்படி இல்லை. கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். "எம்புட்டு நாளா இத வயித்துல வச்சிக்கிட்டு இந்த வழியாப் போய் வந்துக்கிட்டு இருந்தீக? அழாதீக. எங்க வீட்டு வாசல்ல நின்னு அழக் கூடாது. எழுதிக் குடுத்த கை திருப்பி எழுதட்டும். இரும்புன்னு எழுதினதை அடிச்சுட்டு, மரக்கட்டைன்னு எழுதட்டும். மத்தது பொறவு" என்றாள்.

எழுதிவிட்டேன். நேற்றுத் தபாலில் துரைக்கு மனு போய்விட்டது. பொட்டாசு வாங்கியது, மறைத்தது, பொய்க் கையெழுத்துப் போட்டது எல்லாம் என் பெயரில் இருக்கிறது. மாடசாமி இடது பெருவிரல் ரேகை வைத்திருக்கிறான். ராவுத்தரும் சாட்சிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஜெயில் என்றால் போகிறேன். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவள் எனக்குத் துணி மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். மனுவில் உன் பெயரை நான் எழுதவில்லை. இரக்கம் என்று எண்ணிக்கொள்ளாதே. அதை எழுத வேண்டியவன் நீ.

திங்கட்கிழமை காலை நானும் மாடசாமியும் சுடலியும் துரையை நேரில் பார்க்க வண்டியில் பாளையங்கோட்டைக்குப் புறப்படுகிறோம். விசாரணையில் முதலில் கேட்பார்கள், அறிக்கையில் இரும்பு என்று எழுதலாம் என்று சொன்னது யார் என்று. எங்களுக்கு முன்னால் நீ போய்ச் சொல்லிவிட்டால் நான் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியிருக்காது. நீ சொல்லியிராவிட்டால், சுடலி பக்கத்தில் நிற்கும்போது நான் சொல்வேன், இன்னார் மகன் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். இன்று வெள்ளி.

உன் அப்பன்